மீட்டர் யார் கையில்? – ஒரு பேருந்துப் பணிமனை அனுபவம்

(மே தினத்தையொட்டி மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றின் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னை அறிமுகப்படுத்திய தோழர், "பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்தவர், இன்று முனைவர் பட்ட ஆய்வாளராக உயர்ந்திருக்கிறார்" என்றார். அன்போடுதான் சொன்னார். ஆனால் அந்த 'உயர்ந்திருக்கிறார்' என்ற சொல்லில் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. நான் மேலே வந்துவிட்டேன் என்றால் கீழே இருந்தது எது? பழுதான ஒரு மின்னணுப் பலகையைத் திறந்து, மீட்டரை வைத்து, எங்கே அறுந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது கீழான வேலையா? நான் செய்த வேலைகளிலேயே என் மூளை அதிகம் உழைத்தது அங்கேதான். ஆய்வேடு எழுதுவதில் அதில் பாதிகூட இல்லை. என் நெறியாளர் இங்கே இல்லை என்ற தைரியத்தில் சொல்கிறேன்.

அந்த வேலையை நான் விட்டுவிட்டு வரவில்லை. அந்த வேலையில் என்னை இருக்க விடவில்லை என்பதுதான் சரி. யாரும் என்னை அடிக்கவில்லை. சாதிப் பெயர் சொல்லித் திட்டியதுகூட ஓரிரு முறைதான். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் எழுத உட்கார்ந்தால் ஒரு பக்கம்கூட நிரம்பாது. அப்படியும் ஒருவனை ஒரு தொழிலிலிருந்து வெளியேற்ற முடியும். அதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் அந்த வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். பேருந்து என்றால் எஞ்சின், டயர், பிரேக் என்றுதான் நினைக்கிறோம். ஒரு பேருந்துக்குள் கிலோமீட்டர் கணக்கில் வயர் ஓடுகிறது. இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்த 24 வோல்ட் மின்சாரம். செல்ஃப் மோட்டார், ஆல்டர்னேட்டர், அதன் ரெகுலேட்டர், ஹெட்லைட், வைப்பர், இண்டிகேட்டர். இவற்றோடு பிற்பாடு வந்தவை ஊர் பெயர் ஓடும் எல்.இ.டி. பலகை, ஜி.பி.எஸ்., வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, நடத்துநர் கையில் இருக்கும் டிக்கெட் மெஷின். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதிகள் நடைமுறைக்கு வந்த பிறகு எஞ்சினே ஒரு கணினியின் பேச்சைக் கேட்டுத்தான் ஓடுகிறது. இவ்வளவும் நம் ஊர் ரோட்டில், வெயிலில், மழைத்தண்ணீரில், நாள் முழுக்கக் குலுங்கிக்கொண்டே வேலை செய்ய வேண்டும். அந்தக் குலுக்கலில் ஈயம் வைத்த இடங்கள் மயிரிழை அளவு விரிசல் விடும். கண்ணுக்குத் தெரியாது. விரலால் லேசாகத் தட்டினால் பலகை எரியும், விட்டால் அணையும். பூதக்கண்ணாடி வைத்துத் தேடி, பழைய ஈயத்தை உருக்கி எடுத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும்.

நான் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக் மெக்கானிக் முடித்தவன். 2012இல் அரசுப் போக்குவரத்துப் பணிமனை ஒன்றில் தொழில் பழகுநராகச் சேர்ந்தேன். தொழில் பழகுநர் சட்டத்தில் பட்டியல் சாதியினருக்குப் பயிற்சி இடங்களில் ஒதுக்கீடு உண்டு. அந்த ஒதுக்கீட்டில் கிடைத்த இடம். அது முடிந்த பிறகு, எல்.இ.டி. பலகைகளையும் டிக்கெட் மெஷின்களையும் பராமரிக்கும் ஒப்பந்தக்காரரிடம் டெக்னீஷியனாகச் சேர்ந்து, அதே பணிமனையில் 2018 வரை இருந்தேன்.

முதல் நாள் மேற்பார்வையாளர் கேட்ட முதல் கேள்வி, "எந்த ஊரு தம்பி?" சொன்னேன். "அந்த ஊர்ல எந்தப் பக்கம்?" அதையும் சொன்னேன். மூன்றாவது கேள்வி தேவைப்படவில்லை. இங்கே இருப்பவர்களில் பாதிப் பேருக்காவது அந்த மூன்றாவது கேள்வி எதற்குத் தேவைப்படாது என்று தெரியும். "சரி, நீ பேட்டரி ரூமுக்குப் போ" என்றார்.

என்னோடு சேர்ந்த இன்னொரு பையனும் அதே டிரேடுதான். என்னைவிட மதிப்பெண் குறைவு. அவனை ரிப்பேர் மேசைக்கு அனுப்பினார்கள். மேசை இருந்தது ஒரு சின்ன அறை. ஃபேன் உண்டு, தூசி வராமல் கதவு உண்டு, நல்ல மீட்டர் உண்டு. பேட்டரி ரூம் பணிமனையின் பின் மூலையில், கழிவறைக்குப் பக்கத்தில். அங்கே ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் எந்தத் தெருக்காரர்கள் என்று நான் கேட்கவில்லை. அவர்களும் என்னைக் கேட்கவில்லை.

பேட்டரி ரூமைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கந்தக அமிலம். சட்டையில் ஒரு துளி பட்டால் அன்று தெரியாது, துவைத்த பிறகு ஓட்டை தெரியும். என் அம்மா முதல் மாதமே, "என்னடா எலி கடிச்ச மாதிரி இருக்கு" என்றார். பேட்டரி ஒவ்வொன்றையும் கையால் தூக்க வேண்டும். ஒவ்வொரு அறையாக மூடி திறந்து, ஹைட்ரோமீட்டரில் அமிலத்தின் அடர்த்தி பார்த்து, காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றி, டெர்மினலில் பூத்திருக்கும் உப்பைச் சுரண்டி, வாசலின் தடவிக் கட்ட வேண்டும். பதிவேட்டில் இந்த வேலைக்கு 'உதவியாளர்' என்று பெயர். மேசை வேலைக்கு 'டெக்னீஷியன்'. ஆனால் ஒரு பேட்டரியைத் தூக்கும்போதே அது எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுகிற ஆட்கள் அந்த ரூமில்தான் இருந்தார்கள். அதைத் திறமை என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

நான் மேசைக்குப் போகக் கேட்காமல் இல்லை. "போகலாம் தம்பி, அவசரப்படாதே" என்பார்கள். மதிய இடைவேளையில் போய் நின்று பார்ப்பேன். அங்கிருந்த மூத்தவர் ஒருவர், நான் நிற்கிறேன் என்று தெரிந்தால் பலகையைக் கொஞ்சம் தன் உடம்புப் பக்கம் திருப்பிக்கொள்வார். திட்டமாட்டார், போ என்றும் சொல்லமாட்டார், திருப்பிக்கொள்வார், அவ்வளவுதான். பேருந்தின் வயரிங் டயகிராம் ஒரு இரும்பு அலமாரியில் பூட்டியிருந்தது. "கிழிஞ்சிடும், அதான் பூட்டி வெச்சிருக்கு" என்றார்கள். என்னோடு சேர்ந்த பையனிடம் அதன் ஜெராக்ஸ் இருந்தது.

தோழர்களே, சாதி எழுத்தறிவை எப்படிக் காவல் காத்தது என்று நாம் நிறையப் பேசியிருக்கிறோம். அது ஏதோ வேத காலத்துச் சங்கதி போலவே பேசுகிறோம். நான் பார்த்தது ஒரு ஜெராக்ஸ் தாள். அதை ஒருவருக்குக் கொடுத்து இன்னொருவருக்குக் கொடுக்காமல் இருந்தால் போதும். மூன்று வருடம் கழித்து, "அவனுக்கு வேலை தெரியும், இவனுக்குத் தெரியாது" என்று மனச்சாட்சிக்கு விரோதமில்லாமல் சொல்லலாம். அதற்குப் பிறகு அதன் பெயர் சாதி இல்லை, 'தகுதி'.

ஒரே ஒருவர் கற்றுக்கொடுத்தார். ஓய்வுக்கு இரண்டு வருடமே இருந்த எலெக்ட்ரீஷியன் அண்ணன். நம் சாதிக்காரர் இல்லை. இரவு ஷிஃப்டில் மேற்பார்வையாளர் போன பிறகு, "வாடா தம்பி, மீட்டரைப் புடி" என்பார். சால்டரிங் அயனை எத்தனை வினாடி வைத்தால் செம்புத் தடம் உரிந்துவிடும் என்று அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். ஆனால் ஒரு அரசுப் பணிமனையில் சட்டப்படி எனக்குச் சேர வேண்டிய பயிற்சியை ஒரு நல்ல மனிதர் ராத்திரியில் ஒளித்துக் கொடுக்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே நினைத்துக்கொள்கிறேன்.

இனி ஒரு பழுதைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு வண்டியில் மாலை ஆனதும் ஊர்ப் பலகை அணைந்து அணைந்து எரியும். பகலில் ஒன்றும் ஆகாது. மேசையில் பலகையைக் கழற்றிச் சோதித்தால் நன்றாக வேலை செய்யும். வண்டியில் மாட்டினால் மறுபடி அதே கதை. மூன்று பலகை மாற்றியாகிவிட்டது. ஓட்டுநர் வேறு, "ஹெட்லைட் வெளிச்சமும் பத்தலண்ணே" என்று எழுதி வைத்திருந்தார். அதை யாரும் இதோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

எனக்குப் பட்டது. பேட்டரி ரூமில் இருந்தவனுக்குத்தான் படும். பேருந்தில் பேட்டரியின் நெகட்டிவ் முனையை வண்டியின் உடம்போடு இணைத்திருப்பார்கள். ஒவ்வொரு கருவிக்கும் போன மின்சாரம் அந்த இரும்புச் சட்டம் வழியாகத்தான் திரும்பி வரும். அதைத்தான் 'எர்த்' என்போம். எர்த் பிடித்த போல்ட் துருவேறினால், அந்த இடத்தைப் பங்கு போடுகிற எல்லாக் கருவிகளும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யும். ஹெட்லைட்டைப் போடச் சொல்லிவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ்விலும் மறுமுனையைப் பலகையின் எர்த் போல்ட்டிலும் வைத்தேன். பூஜ்யத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். 6 வோல்ட் காட்டியது. அதாவது பலகைக்குப் போக வேண்டிய 24 வோல்ட்டில் ஆறு அந்தத் துருவிலேயே போய்விடுகிறது. ஹெட்லைட்டும் அதே போல்ட்டில்தான் எர்த் பிடித்திருந்தது. அதனால்தான் விளக்கு போடும் நேரத்தில் பலகை அணைந்தது, அதனால்தான் வெளிச்சமும் மங்கல். போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது வாஷர் வைத்து முறுக்கினேன். இருபது நிமிட வேலை, செலவு ஒரு வாஷர்.

மறுநாள் பதிவேட்டைப் பார்த்தேன். "பழுது கண்டறிந்து சரிசெய்யப்பட்டது" என்று எழுதி, மேசையில் இருந்த மூத்தவர் கையெழுத்துப் போட்டிருந்தார். போய்க் கேட்டேன். "நீ காண்ட்ராக்ட்டுப்பா. உனக்குக் கையெழுத்துக் காலம் இல்லையே" என்றார்கள். பொய் இல்லை. உண்மையிலேயே எனக்கு அந்தப் பதிவேட்டில் இடம் இல்லை. பிறகு வேறொரு பணிமனையில் நிரந்தர வேலைக்கு முயன்றபோது, இன்னின்ன வேலை செய்ததற்குச் சான்று கேட்டார்கள். ஐந்து வருடத்தில் நான் சரிசெய்த எதுவும் என் பெயரில் இல்லை.

அம்பேத்கர் 1938 பிப்ரவரியில் மன்மாடில் ரயில்வேயின் தாழ்த்தப்பட்ட தொழிலாளர் மாநாட்டில் பேசினார். பார்ப்பனியம், முதலாளித்துவம் என இரண்டு எதிரிகளை அவர் அடையாளம் காட்டிய உரை என்று எல்லோருக்கும் தெரியும். மேற்கோள் காட்டும்போது அதோடு நிறுத்திக்கொள்கிறோம். அதே உரையில் அவர் வேலை வேலையாக எடுத்துப் பேசுகிறார். நம்மவர்களுக்குத் தண்டவாளத்தில் கேங்மேன் வேலைதான். போர்ட்டர் வேலைகூடக் கிடைப்பது கடினம், ஏனென்றால் போர்ட்டர் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு வேலையும் பார்க்க வேண்டியிருந்தது, சாதி இந்து ஸ்டேஷன் மாஸ்டர் நம்மவரை வீட்டுக்குள் விடமாட்டார். ரயில்வே ஒர்க்ஷாப்பிலும் கூலியாகச் சேர்ந்தவர் கூலியாகவே இருக்கிறார், மெக்கானிக் ஆக முடிவதில்லை. இதை நூலகத்தில் முதன்முறை படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன். நான் 2012இல் நின்ற பேட்டரி ரூமை அவர் 1938இலேயே பார்த்துவிட்டாரே என்று இருந்தது.

நம் பக்கத்திலும் பேருந்துக்கு ஒரு சாதி வரலாறு உண்டு. தனியார் பேருந்துகள் தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுத்த காலத்தில், ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், அப்படி மறுக்கும் பேருந்துகளின் உரிமத்தை ரத்து செய்வோம் என்று உத்தரவு போட்டார். ஏறுவதற்கே ஒரு உத்தரவு தேவைப்பட்டது. பிறகு 1972இல் பல்லவன், சேரன், பாண்டியன் என்று அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் வந்தன. பேருந்து பொதுச்சொத்து ஆனது. அதனால்தான் எங்கள் தெருவிலிருந்து ஓட்டுநர்களும் நடத்துநர்களும் வர முடிந்தது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தபோது என்ன நடந்தது? ஒரு தலித் வீரனின் பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்றார்கள். கலவரம் வெடித்தது. கடைசியில் போக்குவரத்துக் கழகங்கள், மாவட்டங்கள் எல்லாவற்றிலிருந்தும் தலைவர்களின் பெயர்களே நீக்கப்பட்டன. இன்று நாம் ஏறுகிற பேருந்தில் எந்தத் தலைவர் பெயரும் இல்லாததற்குக் காரணம் அது.

ஊர்ப் பலகைகளுக்குத் தடப் பட்டியலை ஏற்றுவதும் என் வேலையாக இருந்தது. அலுவலகத்திலிருந்து பட்டியல் வரும், மடிக்கணினியில் போட்டு, பென் டிரைவில் எடுத்துப் பலகையில் ஏற்ற வேண்டும். எங்கள் ஊருக்குப் போகும் தடமும் அதில் இருந்தது. ஊர் பெயர் இருந்தது. ஊரிலிருந்து முக்கால் கிலோமீட்டர் தள்ளி இருக்கிற எங்கள் குடியிருப்பின் பெயர் இல்லை. பேருந்து அங்கே வருவதில்லையே, எப்படி இருக்கும்? ஒரு ராத்திரி, சோதனைக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, எங்கள் தெருப் பெயரைத் தட்டச்சு செய்து ஏற்றினேன். ஆரஞ்சு எழுத்தில் ஓடியது. ஒரு நிமிடம் பார்த்தேன். பிறகு அழித்துவிட்டேன். விடியற்காலை அந்த வண்டி கிளம்பினால் யார் யார் கேட்பார்கள் என்று தெரியும். வேலை போய்விடும் என்ற பயம்தான். 'கர்ணன்' படம் 2021இல் வந்தபோது திரையரங்கில் எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு அந்த அழித்த பொத்தான்தான் ஞாபகம் வந்தது.

சரி, இப்போது நிலைமை மாறியிருக்கிறதா? மாறியிருக்கிறது, ஆனால் நமக்குச் சாதகமாக இல்லை. எங்களுக்கு முந்தைய தலைமுறை குழிக்குள் இறங்கி கிரீஸ் அடித்தது. நாங்கள் ஐ.டி.ஐ. படித்து, ராத்திரி திருடிக் கற்று, மெல்ல மேசைப் பக்கம் வந்தோம். நாங்கள் வந்து சேரும் நேரத்தில் மேசையையே பணிமனைக்கு வெளியே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பலகை பழுதா, கழற்றி ஒப்பந்த நிறுவனத்துக்கு அனுப்பு. மெஷின் பழுதா, மாற்று. பணிமனையில் இருப்பவர் பெட்டியைக் கழற்றி மாட்டினால் போதும், திறக்கக் கூடாது. 2025இல் சென்னையில் ஓடத் தொடங்கிய மின்சாரப் பேருந்துகளைப் பாருங்கள். நடத்துநர் மாநகரப் போக்குவரத்துக் கழகத்துக்காரர். வண்டி, ஓட்டுநர், பராமரிப்பு எல்லாம் ஒப்பந்த நிறுவனத்தின் பொறுப்பு. புகை இல்லாத பேருந்து வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒரு மின்சாரப் பேருந்தில் பாதிக்கு மேல் எலக்ட்ரானிக்ஸ்தான். வரும் இருபது ஆண்டுகளுக்கான தொழில் அது.

தமிழ்நாட்டின் 69 சதவீத இட ஒதுக்கீடு அரசு வேலைக்குத்தான். அதே அரசுப் பேருந்தை, அதே அரசு நிலத்தில், ஒப்பந்தக்காரரின் ஆள் பழுது பார்த்தால் அங்கே 18 சதவீதமும் இல்லை, அதற்குள் அருந்ததியருக்கான 3 சதவீதமும் இல்லை, பழங்குடியினருக்கான 1 சதவீதமும் இல்லை. யாரும் இட ஒதுக்கீட்டை எதிர்த்து ஊர்வலம் போகவில்லை. வழக்குப் போடவில்லை. வேலை மட்டும் கதவுக்கு வெளியே போய்விட்டது. ஒப்பந்தக்காரர் ஆள் எடுப்பது எப்படி? "தெரிஞ்ச பையன் யாராவது இருந்தா சொல்லுங்க." தெரிந்த பையன் என்றால் யார் என்று நான் விளக்க வேண்டியதில்லை. இரவில் பேருந்துகளைக் கூட்டிக் கழுவுகிற ஒப்பந்த வேலைக்கு மட்டும் தெரியாதவர்களையும் தேடி வருகிறார்கள். அந்த வேலையில் இருந்த பெண்கள் எல்லோரும் எங்கள் தெருக்களிலிருந்து வந்தவர்கள். ரிப்பேர் மேசையில் நான் இருந்த வரை ஒரு பெண்ணையும் பார்க்கவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அரசு எந்தப் பராமரிப்பை ஒப்பந்தத்துக்கு விட்டாலும், அந்த ஒப்பந்தத்திலேயே பணியாளர் ஒதுக்கீட்டை நிபந்தனையாக எழுத வேண்டும். தொழில் பழகுநர்களைப் பிரிவு பிரிவாகச் சுழற்சியில் அனுப்ப வேண்டும், யார் எந்தப் பிரிவில் எத்தனை நாள் இருந்தார் என்பது பதிவேட்டில் இருக்க வேண்டும். மேற்பார்வையாளரின் 'நீ அங்கே போ' என்பதற்கு விட்டுவிடக் கூடாது. வயரிங் டயகிராமைத் தமிழில் அச்சிட்டுச் சுவரில் ஒட்ட வேண்டும். பழுதைச் சரிசெய்தவர் யாரோ, நிரந்தரமோ ஒப்பந்தமோ, அவர் பெயர் பதிவாக வேண்டும். தொழிற்சங்கத் தோழர்கள் இதையெல்லாம் 'சின்னப் பிரச்சனை' என்பார்கள். சம்பள உயர்வுக்கு நாங்களும் கொடி பிடித்தோம். பேட்டரி ரூமில் யார் இருக்கிறார்கள் என்று எந்தச் சங்கக் கூட்டத்திலும் பேசி நான் கேட்டதில்லை.

உங்களிடம், இளைய தோழர்களிடம், ஒன்று சொல்லி முடிக்கிறேன். நம்மில் ஒருவர் பல்கலைக்கழகத்துக்குள் வந்தால் கொண்டாடுகிறோம். கொண்டாட வேண்டும். ஆனால் நம் பிள்ளைகளில் ஏராளமானோர் ஐ.டி.ஐ.க்கும் பாலிடெக்னிக்குக்கும் போகிறார்கள். அவர்களுக்கு என்ன நடக்கிறது என்று நம் பக்கங்களில் எத்தனை கட்டுரை வந்திருக்கிறது? ஒரு பல்கலைக்கழகத்தில் நெறியாளர் பாரபட்சம் காட்டினால் நாம் உடனே எழுதுகிறோம். பணிமனையில் ஒரு பையனை ஒரு வருடம் முழுக்க மீட்டரைத் தொடவிடாமல் வைத்திருந்தால் அது நம் காதுக்கே வருவதில்லை. உங்கள் தெருவில், உங்கள் உறவில் அப்படி ஒருவர் நிச்சயம் இருப்பார். "என்ன வேலை பார்க்குற" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "அங்கே உன்னை எதைத் தொட விடுறாங்க, எதைத் தொட விடல" என்று கேளுங்கள். கேட்டு எழுதுங்கள்.

நான் வேலையை விட்ட அன்று அந்த எலெக்ட்ரீஷியன் அண்ணன் ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகியிருந்தது. அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். "படிக்கப் போறேண்ணே" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நல்லா வேலை தெரிஞ்ச பய. போச்சு" என்றார். எனக்குக் கிடைத்த பாராட்டுகளிலேயே பெரியது அதுதான். 'போச்சு' என்றாரே, அது என்னைப் பற்றியதா, அந்தப் பணிமனையைப் பற்றியதா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜெய்பீம்.